தீர்ப்பும் திருத்தமும்: இந்திரா காந்தி தேர்தல் வழக்கும் மக்கள் சினமும் (1971–1980)

முன்னுரை

ஆள்வோரும் அறத்திற்குக் கட்டுப்பட்டவரே என்னும் கருத்து தமிழ் மரபில் தொன்மையானது. தன் தீர்ப்பு பிழைபட்டதை உணர்ந்த அளவில் அரியணையிலேயே உயிர்நீத்த பாண்டியனைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. கன்றை இழந்த பசுவின் முறையீட்டிற்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனின் கதை நாடெங்கும் வழங்குகிறது. இவ்விரண்டிலும் காணப்படும் பொதுக்கூறு ஒன்றுண்டு. குற்றத்தை ஏற்பவனும் அதற்குரிய தண்டனையை முடிவு செய்பவனும் அரசனாகவே இருக்கிறான். அவன் ஏற்க மறுத்திருப்பின் அவனைத் தடுத்துக் கேட்க வேறோர் அமைப்பு அன்று இல்லை. ஆகவே முறை என்பது அரசனின் மனச்சான்றைச் சார்ந்ததாகவே இருந்தது.

1950 இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு இந்நிலையை மாற்றியது. ஆள்வோரை விசாரிக்கும் அதிகாரம் மனச்சான்றிலிருந்து நீதிமன்றத்திற்கு வந்து சேர்ந்தது. ஆயினும் நீதிமன்றம் எச்சட்டத்தின்படி தீர்ப்புரைக்கிறதோ அச்சட்டத்தையே மாற்றும் பெரும்பான்மை ஆள்பவரிடம் இருக்குமானால் என்ன நிகழும் என்னும் வினா எஞ்சியிருந்தது. 1975 இல் அவ்வினாவிற்கு விடை காண வேண்டிய சூழல் நேர்ந்தது. அவ்வாண்டு சூன் 12 இல் வழங்கப்பட்ட அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்பின் விளைவுகளிலிருந்து பிரதமர் இந்திரா காந்தி விடுபட மேற்கொண்ட முயற்சிகளையும், அவற்றிற்கு எதிராக எழுந்த மக்கள் சினம் கொண்ட வடிவங்களையும், அச்சினத்தால் நிலைபெற்றவை எவை என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

வழக்கின் தோற்றம்

1971 மார்ச்சு மாதம் நடைபெற்ற ஐந்தாவது மக்களவைத் தேர்தலில் உத்தரப் பிரதேசத்தின் ரேபரேலி தொகுதியில் இந்திரா காந்தி போட்டியிட்டார். அவர் 1,83,309 வாக்குகளும், அவரை எதிர்த்த சம்யுக்த சோசலிஸ்டுக் கட்சியின் ராஜ் நாராயண் 71,499 வாக்குகளும் பெற்றனர். வாக்கு வேறுபாடு 1,11,810. இவ்வளவு பெரிய தோல்விக்குப் பின்னர் ஒருவர் வழக்குத் தொடுத்தது அந்நாளில் பலருக்கு வியப்பளித்தது. 1971 ஏப்பிரல் 24 அன்று ராஜ் நாராயண் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனுவைத் தாக்கல் செய்தார். சாந்தி பூஷண் அவருக்காக வாதிட்டார்.

வாக்காளர்க்குப் போர்வையும் மதுவும் வழங்கியமை, செலவு வரம்பை மீறியமை, பசுவும் கன்றுமாகிய சின்னம் சமயச் சார்புடையது என்பன போன்ற குற்றச்சாட்டுகள் மனுவில் இடம்பெற்றிருந்தன. இவை மெய்ப்பிக்கப்படவில்லை எனத் தள்ளப்பட்டன. அரசு ஊழியரைத் தேர்தல் பணிக்குப் பயன்படுத்தியமை பற்றிய குற்றச்சாட்டுகளே இறுதிவரை நின்றன.

வழக்கின் இடையே எழுந்த ஒரு துணைப் பூசல் பிற்கால வரலாற்றில் தனியிடம் பெறுகிறது. பிரதமரின் சுற்றுப்பயணப் பாதுகாப்பு விதிகள் அடங்கிய 'நீலப் புத்தகம்' என்னும் ஆவணத்தை நீதிமன்றத்தில் அளிக்க இயலாதென உத்தரப் பிரதேச அரசு சிறப்புரிமை கோரியது. இப்பூசல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1975 சனவரி 24 அன்று வெளிவந்த தீர்ப்பில் நீதிபதி கே.கே. மாத்யூ தனியே எழுதிய பகுதி, பொறுப்புடைய ஆட்சியில் அரசு அலுவலர் பொதுநிலையில் செய்யும் செயல்களை அறிய மக்களுக்கு உரிமையுண்டு என்னும் கருத்தை முன்வைத்தது. 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கருத்து வேர்களுள் ஒன்றாக இத்தீர்ப்பு எடுத்துக்காட்டப்படுகிறது. ஒரு தொகுதியைப் பற்றிய வழக்கு நாட்டின் சட்ட வரலாற்றில் ஆழப் பதிந்தமைக்கு இது முதற் சான்றாகும்.

1975 மார்ச்சு 18, 19 ஆகிய நாள்களில் இந்திரா காந்தி நேரில் வந்து சாட்சியளித்தார். பதவியிலிருக்கும் பிரதமர் உயர் நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு உட்பட்டது அதுவே முதன்முறை. வழக்கை விசாரித்த நீதிபதி ஜகமோகன்லால் சின்கா, நீதிமன்றத்தில் நீதிபதிக்கன்றிப் பிறருக்கு எழுந்து நிற்கும் மரபில்லை என்பதை முன்னரே உணர்த்தியிருந்தார். பிரதமர் என்பதும் மனுதாரர் என்பதும் அக்கூடத்திற்கு வெளியேதான் வேறுபாடுகள் என்பதே அதன் பொருள்.

குற்றமும் தீர்ப்பும்

1975 சூன் 12 அன்று வெளியிடப்பட்ட தீர்ப்பு, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(7) ஆம் பிரிவின்கீழ் இரு முறைகேடுகள் மெய்ப்பிக்கப்பட்டதாகக் கூறியது. முதலாவது, பிரதமர் செயலகத்தில் சிறப்புப் பணி அலுவலராக இருந்த யஷ்பால் கபூரின் உதவியைத் தேர்தலுக்குப் பெற்றமை. கபூர் 1971 சனவரி 13 இல் பதவி விலகல் கடிதம் அளித்திருந்தார். அவ்விலகலை ஏற்கும் அரசாணை சனவரி 25 இல்தான் பிறந்தது. இடைப்பட்ட நாள்களில் அவர் அரசு ஊழியரே என நீதிமன்றம் கொண்டது. 1970 திசம்பர் 29 அன்றே இந்திரா காந்தி தம்மை வேட்பாளராக வெளிப்படுத்திக்கொண்டார் எனவும் அது முடிவு செய்தது. இரண்டாவது முறைகேடு, மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஆகியோரைக் கொண்டு கூட்ட மேடைகளும் ஒலிபெருக்கிக்கான மின்வசதியும் அமைத்துக்கொண்டமை.

இவற்றின் அடிப்படையில் தேர்தல் செல்லாதென அறிவிக்கப்பட்டது. ஆறாண்டுகள் தேர்தலில் நிற்கும் தகுதியையும் அவர் இழந்தார். புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்க அவகாசம் தேவை என்னும் காரணமும் காட்டி அவர் தரப்பினர் வேண்டியதற்கிணங்க, தீர்ப்பின் செயற்பாட்டை நீதிபதி 20 நாள்களுக்கு நிறுத்திவைத்தார்.

போக்குவரத்து விதியை மீறியதற்காகப் பிரதமரைப் பதவியிலிருந்து இறக்குவது போன்றது இது என்னும் ஒப்புமை அக்காலத்தில் பரவலாக எடுத்தாளப்பட்டது. இதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டை நான்கைந்து மேடைகள் உண்டாக்கியிருக்க இயலாது. ஆனால் சட்டம் வாக்கு வேறுபாட்டைக் கேட்கவில்லை. வேட்பாளர் அரசு ஊழியரின் உதவியைப் பெற்றாரா என்பதையே அது கேட்டது. குற்றம் சிறிதாயிருந்தமை பின்னர் நிகழ்ந்தவற்றைப் புரிந்துகொள்ள முதன்மையான குறிப்பாக அமைகிறது. மக்களிடையே பின்னாளில் மூண்ட சினத்திற்கு மேடைகளோ ஒலிபெருக்கிகளோ காரணமாகவில்லை. அவற்றிற்கான தீர்ப்பைத் தவிர்ப்பதற்கு நாடு கொடுக்க நேர்ந்த விலையே காரணமாயிற்று.

பதினான்கு நாள்கள்

சூன் 12 முதல் 25 வரையிலான நாள்கள் தனித்து நோக்கத்தக்கவை. தீர்ப்பு வந்த வேளையில் நாடு அமைதியாக இருக்கவில்லை. விலையேற்றமும் வேலையின்மையும் மிகுந்திருந்தன. 1974 இல் குஜராத்தில் மாணவர் எழுச்சி மாநில அரசை வீழ்த்தியது. பீகாரில் ஜெயப்பிரகாஷ் நாராயணின் தலைமையில் பேரியக்கம் உருவாயிற்று. அவ்வாண்டு மே மாதத்து இரயில்வே வேலைநிறுத்தம் கடுமையாக ஒடுக்கப்பட்டது. தீர்ப்பு வந்த அதே நாளில் குஜராத் சட்டமன்றத் தேர்தல் முடிவுகளும் காங்கிரசுக்கு எதிராக வரத் தொடங்கின. ஏற்கெனவே இருந்த மனக்குறைகளுக்குச் சட்டத்தின் குரல் இப்போது துணைவந்தது.

பிரதமர் விலக வேண்டும் என எதிர்க்கட்சிகள் கோரின. மறுபுறம் பிரதமரின் இல்லத்தின் முன் நாள்தோறும் ஆதரவுப் பேரணிகள் நடத்தப்பட்டன. இவற்றிற்குத் தில்லிப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகள் பயன்படுத்தப்பட்டதைப் பின்னர் ஷா ஆணையம் பதிவு செய்தது. அரசு எந்திரத்தைத் தேர்தலுக்குப் பயன்படுத்தியமைக்காக வந்த தீர்ப்பை எதிர்க்கவும் அரசு எந்திரமே பயன்படுத்தப்பட்டது. காங்கிரசுத் தலைவர் தேவ்காந்த் பரூவா இந்திராவே இந்தியா எனும் முழக்கத்தை வழங்கியதும் இக்காலச் சூழலைக் காட்டும். தலைவரும் நாடும் ஒன்றெனின், தலைவர்மேல் வழக்கு என்பது நாட்டின்மேல் தொடுத்த தாக்குதலாகிவிடுகிறது.

உச்ச நீதிமன்றத்தின் விடுமுறைக்கால நீதிபதியாக இருந்த வி.ஆர். கிருஷ்ண ஐயர் சூன் 24 அன்று நிபந்தனையுடன் கூடிய தடையாணை வழங்கினார். இந்திரா காந்தி பிரதமராக நீடிக்கலாம், அவைகளில் பேசலாம், ஆனால் மக்களவையில் உறுப்பினராக வாக்களிக்கவோ அதற்குரிய ஊதியம் பெறவோ இயலாது என்பது ஆணையின் சாரம். மறுநாள் மாலை தில்லி இராம்லீலா திடலில் நடைபெற்ற பெருங்கூட்டத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயண் உரையாற்றினார். சட்டத்திற்குப் புறம்பான ஆணைகளைக் காவலரும் படைவீரரும் ஏற்க வேண்டியதில்லை என அவர் கூறினார். சூன் 29 முதல் நாடு தழுவிய அறப்போராட்டம் தொடங்குவதென அறிவிக்கப்பட்டது. மக்கள் போராட்டக் குழுவின் தலைவராக மொரார்ஜி தேசாய் பொறுப்பேற்றார்.

அன்றிரவே குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் ஒப்பமிட்டார். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கூடிய அமைச்சரவை அதற்குப் பின்னேற்பு வழங்கியது. 1971 திசம்பரில் போரை முன்னிட்டு அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலை அப்போதும் நடைமுறையில் இருந்தது. அதன்மேல் 'உள்நாட்டுக் குழப்பம்' என்னும் காரணம் காட்டி இரண்டாவது பிரகடனம் வந்தது. ஜெயப்பிரகாஷ், மொரார்ஜி தேசாய் ஆகியோருடன், வழக்கில் வென்ற ராஜ் நாராயணும் சிறைப்பட்டார். தீர்ப்பில் தோற்றவர் ஆட்சியிலும் வென்றவர் சிறையிலும் இருந்த முரண் இவ்வழக்கிற்கே உரியது.

சட்டமே கேடயமாதல்

தப்புதல் என்பது பொதுவாகச் சட்டத்திலிருந்து ஓடுவதாகும். 1975 ஆகஸ்டில் நிகழ்ந்தது வேறு வகையினது. சட்டம் மீறப்படவில்லை, தீர்ப்பின் ஒவ்வொரு காலும் நின்ற இடத்திலிருந்து சட்டம் விலக்கி வைக்கப்பட்டது.

ஆகஸ்டு 6 அன்று ஒப்புதல் பெற்ற தேர்தல் சட்டங்கள் (திருத்த) சட்டத்தை அலகாபாத் தீர்ப்புடன் ஒப்பிடுவது இதனைத் தெளிவாக்கும். தம்மை வேட்பாளராக வெளிப்படுத்திக்கொண்ட நாள் திசம்பர் 29 எனத் தீர்ப்பு கூறியது. முறைப்படி வேட்புமனு அளித்து நிறுத்தப்பட்டவரே வேட்பாளர் எனச் சட்டம் மாற்றப்பட்டது. கபூரின் பணி சனவரி 25 வரை தொடர்ந்தது எனத் தீர்ப்பு கூறியது. பதவி விலகல் எந்நாள் முதல் நடைமுறைக்கு வருகிறது என்பதற்கு அரசிதழ் அறிவிக்கையே முடிவான சான்று எனச் சட்டம் மாற்றப்பட்டது. மேடைகளும் மின்வசதியும் முறைகேடு எனத் தீர்ப்பு கூறியது. அரசு ஊழியர் தம் அலுவற் கடமையாகச் செய்யும் ஏற்பாடுகள் தேர்தல் உதவியாகக் கொள்ளப்படா எனச் சட்டம் மாற்றப்பட்டது. தகுதியிழப்புக் காலத்தை முடிவு செய்வதும் தேர்தல் ஆணையத்தின் கருத்தைப் பெற்றுக் குடியரசுத் தலைவர் செய்யவேண்டியதாயிற்று. இவையனைத்தும் முற்காலத்திற்கும் பொருந்துவனவாக ஆக்கப்பட்டன. 1971 இல் நடந்த செயல் 1975 இல் எழுதப்பட்ட சட்டத்தால் அளக்கப்பட்டது.

இதுவும் போதாதெனக் கருதப்பட்டது போலும். முப்பத்தொன்பதாவது அரசியலமைப்புத் திருத்தம் தொடர்ந்தது. அதன் நாள்வரிசை வியப்புக்குரியது. ஆகஸ்டு 7 இல் மக்களவையில் அறிமுகமாகி அன்றே நிறைவேறியது. 8 இல் மாநிலங்களவை ஏற்றது. 9 இல் மாநிலச் சட்டமன்றங்கள் கூடி உறுதி செய்தன. 10 ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். இந்திரா காந்தியின் மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வரவிருந்த நாள் ஆகஸ்டு 11. எதிர்க்கட்சி உறுப்பினர் பலர் அப்போது சிறையிலிருந்தனர். நாளிதழ்கள் தணிக்கைக்கு உட்பட்டிருந்தன.

இத்திருத்தம் புகுத்திய 329 அ உறுப்பு, பிரதமர், மக்களவைத் தலைவர் ஆகியோரின் தேர்தலை நீதிமன்றங்களின் வழக்கமான அதிகாரத்திலிருந்து விலக்கியது. அதன் நான்காம் கூறு இன்னும் ஒருபடி மேற்சென்றது. முன்பிருந்த தேர்தல் சட்டங்கள் இத்தகையோரின் தேர்தலுக்கு எப்போதுமே பொருந்தியிராதவையாகக் கொள்ளப்படும். அத்தேர்தலைச் செல்லாதெனக் கூறிய தீர்ப்பு எதுவும் செல்லாது என அது விதித்தது. சட்டம் இயற்றும் அவை, பெயர் குறிப்பிடாமலேயே, ஒரே ஒரு வழக்கிற்குத் தீர்ப்பெழுதியது எனலாம்.

இவ்வரிசையில் மற்றொன்றும் குறிக்கத்தக்கது. குடியரசுத் தலைவர், பிரதமர், ஆளுநர் ஆகியோர் பதவியேற்பதற்கு முன்னரோ பதவிக் காலத்திலோ செய்த செயல்களுக்காக அவர்கள்மேல் எக்காலத்தும் குற்ற வழக்குத் தொடர இயலாது என்னும் நாற்பத்தொன்றாவது திருத்த முன்வரைவு ஆகஸ்டு 9 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் அது எடுத்துக்கொள்ளப்படாமல் கைவிடப்பட்டது. சட்டமாகாத இம்முன்வரைவு, அந்த வாரத்தின் போக்கு எவ்வளவு தொலைவு செல்லக்கூடியதாக இருந்தது என்பதைக் காட்டுகிறது.

நவம்பர் 7 தீர்ப்பின் இருமுகம்

தலைமை நீதிபதி ஏ.என். ரே, எச்.ஆர். கன்னா, கே.கே. மாத்யூ, எம்.எச். பெக், ஒய்.வி. சந்திரசூட் ஆகிய ஐவர் அமர்வு மேல்முறையீட்டை விசாரித்தது. 1973 இல் மூத்த நீதிபதிகள் மூவரைக் கடந்து ரே தலைமைப் பதவிக்கு உயர்த்தப்பட்டவர். ஆதலின் தீர்ப்பு எவ்வாறு அமையும் என்பதில் ஐயம் நிலவியது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதும், இடைக்காலத் தடைக்காக இந்திரா காந்தியின் சார்பில் வாதிட்ட நானி பல்கிவாலா வழக்கிலிருந்து விலகிக்கொண்டதும் இங்கு நினைக்கத்தக்கது.

1975 நவம்பர் 7 அன்று வந்த தீர்ப்பு இரு முகங்களைக் கொண்டது. 329 அ உறுப்பின் நான்காம் கூறு செல்லாது என நீதிமன்றம் அறிவித்தது. 1973 இன் கேசவானந்த பாரதி வழக்கில் வகுக்கப்பட்ட 'அடிப்படைக் கட்டமைப்பு' எனும் கோட்பாட்டைக் கொண்டு ஓர் அரசியலமைப்புத் திருத்தம் வீழ்த்தப்பட்டது இவ்வழக்கிலேயாகும். நியாயமான தேர்தலின்றிக் குடியாட்சி இல்லை என்பதைக் கன்னாவும், ஒருவரை மட்டும் சட்டத்திற்கு மேலே நிறுத்துவது சமத்துவத்திற்கு முரண் என்பதைச் சந்திரசூட்டும் வற்புறுத்தினர். மறுமுகத்தில், முற்காலத்திற்கும் பொருந்துமாறு திருத்தப்பட்ட தேர்தல் சட்டத்தை நீதிமன்றம் ஏற்றது. அதன்படி இந்திரா காந்தியின் தேர்தல் செல்லும் எனத் தீர்ப்பாயிற்று.

சுருங்கக் கூறின், ஆள்பவர் தப்பினார். அவர் தப்புவதற்கென அமைக்கப்பட்ட பெருவாயில் அடைக்கப்பட்டது. அவர் வெளியேறியது பக்கத்திலிருந்த சிறுவாயில் வழியாகும். அன்றைய மக்கள் கண்டது முதற் பகுதியை மட்டுமே. இரண்டாம் பகுதியின் பெறுமதி பின்னரே விளங்கிற்று. மூன்று நாள்களுக்குப்பின் கேசவானந்த பாரதி தீர்ப்பை மறுஆய்வு செய்யப் பதின்மூவர் அமர்வு கூட்டப்பட்டு, பல்கிவாலாவின் வாதத்தைக் கேட்டபின் நவம்பர் 12 இல் கலைக்கப்பட்டது. கோட்பாடு உயிர்தப்பியது.

அடக்கப்பட்ட சினத்தின் வடிவங்கள்

ஷா ஆணையத்தின் கணக்குப்படி நெருக்கடி நிலையின்போது மிசா சட்டத்தின்கீழ் 34,988 பேரும், இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் 75,818 பேரும் சிறைப்பட்டனர். தெருவில் கூடவும் ஏட்டில் எழுதவும் இயலாத காலத்தில் சினம் பிற வடிவங்களை நாடியது.

இதழ்கள் வெற்றிடத்தைப் பேசவைத்தன. இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்க இடத்தை எழுத்தின்றி விட்டது. தமிழில் துக்ளக் கறுப்பு அட்டையுடன் வெளிவந்தது. அமிர்தசரசில் அகாலி தளம் 1975 சூலை 9 இல் தொடங்கிய அறப்போராட்டம் நெருக்கடி நிலைக்காலம் முழுதும் தொடர்ந்தது. அக்டோபர் 12 அன்று அகமதாபாத்தில் கூடிய குடியுரிமை மாநாட்டை எம்.சி. சாக்ளா தொடங்கிவைத்தார். நவம்பர் 14 முதல் மக்கள் போராட்டக் குழுவினர் அணியணியாகச் சிறைபுகுந்தனர்.

இலக்கிய உலகின் எதிர்வினையும் புறக்கணிக்கத்தக்கதன்று. காராட் நகரில் நடைபெற்ற மராத்தி இலக்கிய மாநாட்டின் தலைவர் துர்கா பாகவத், நடுவணமைச்சர் ஒய்.பி. சவாண் வீற்றிருந்த மேடையிலேயே எழுத்துரிமைக்காகக் குரலெழுப்பினார், பின்னர்ச் சிறைப்பட்டார். கன்னட எழுத்தாளர் சிவராம காரந்த் பத்மபூஷண் விருதைத் திருப்பியளித்தார். பெங்களூரில் சிறைவைக்கப்பட்ட கலைஞர் சினேகலதா ரெட்டி உடல்நலிவுற்று, விடுதலையான சில நாள்களில் 1977 சனவரியில் மறைந்தார்.

தமிழ்நாட்டில் ஆட்சியிலிருந்த தி.மு.க. 1975 சூன் 27 அன்று செயற்குழுவைக் கூட்டி நெருக்கடி நிலையைக் கண்டித்தது. 1976 சனவரி 31 அன்று அவ்வாட்சி கலைக்கப்படும் வரை, பிற மாநிலங்களை நோக்கத் தமிழ்நாட்டில் அடக்குமுறை குறைவாக இருந்தது. வடமாநிலத் தலைவர் சிலர் இங்குப் புகலிடம் பெற்றனர். கலைப்பிற்குப் பின்னர் இம்மாநிலமும் கைதுகளைக் கண்டது. சென்னை நடுவண் சிறையில் அடிபட்ட சி. சிட்டிபாபு 1977 சனவரியில் உயிர்நீத்தார்.

வாக்கெனும் தீர்ப்பு

1977 சனவரி 18 அன்று தேர்தல் அறிவிக்கப்பட்டது. மார்ச்சு மாதத் தேர்தலில் காங்கிரசு 154 இடங்களே பெற்றது. உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளிலும் பீகாரின் 54 தொகுதிகளிலும் அதற்கு ஓரிடமும் கிடைக்கவில்லை. ரேபரேலியில் ராஜ் நாராயண் 1,77,719 வாக்குகளும் இந்திரா காந்தி 1,22,517 வாக்குகளும் பெற்றனர். நீதிமன்றத்தில் திருத்தச் சட்டத்தின் துணையால் மாற்றப்பட்ட முடிவை, 55,202 வாக்கு வேறுபாட்டில் அத்தொகுதி மக்களே மீண்டும் எழுதினர்.

எனினும் இம்முடிவு முழுவதையும் தேர்தல் வழக்கின்மேல் ஏற்றுவது பொருந்தாது. 1976–77 ஆம் ஆண்டில் மட்டும் நாடெங்கும் 80 லட்சத்திற்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை செய்யப்பட்டது; வடமாநிலங்களில் அது கட்டாயமாகவும் நிகழ்ந்தது. 1976 ஏப்பிரலில் தில்லி துருக்மான் வாயிற் பகுதியில் குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. சிற்றூர் உழவர்க்கும் நகர ஏழையர்க்கும் 329 அ உறுப்பு அறிமுகமற்றது; அதனால் விளைந்த தடையற்ற அதிகாரம் தம் உடலையும் குடிசையையும் தீண்டியபோதே அவர்கள் அதனை அறிந்தனர்.

தென்மாநில முடிவுகள் இதனை உறுதிப்படுத்துகின்றன. ஆந்திரத்தின் 42 இடங்களில் 41 ஐக் காங்கிரசு வென்றது. தமிழ்நாட்டின் 39 இடங்களில் அ.இ.அ.தி.மு.க.–காங்கிரசு அணி 34 இல் வென்றது. கருத்தடை, இடிப்பு ஆகியவற்றின் கடுமை தெற்கே குறைவாக இருந்ததும், தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆரின் செல்வாக்கும் தி.மு.க.வின்மேல் சுமத்தப்பட்ட ஊழற் குற்றச்சாட்டுகளும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. சட்டப் பொறுப்பிலிருந்து தப்பும் முயற்சி படித்தோரிடையே சினத்தை மூட்டியது. அது வாழ்வைத் தீண்டிய இடங்களில் மட்டுமே அச்சினம் வாக்காக மாறிற்று.

சினத்தின் ஆயுள்

1977 மே 28 இல் அமைக்கப்பட்ட ஷா ஆணையம், நெருக்கடி நிலையை அறிவிக்கத்தக்க சட்டம் ஒழுங்குச் சீர்குலைவோ பொருளாதார நெருக்கடியோ அன்று இருந்ததற்குச் சான்றில்லை எனக் கண்டது. நீதிமன்றத் தீர்ப்பின் விளைவிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளப் பிரதமர் மேற்கொண்ட முடிவே அது என்பது ஆணையத்தின் கருத்து. இந்திரா காந்தி ஆணையத்தின்முன் உறுதிமொழி எடுத்துச் சாட்சியளிக்க மறுத்தார்.

இதன் பின்னர் நடந்தவை வேறு திசையில் சென்றன. 1977 அக்டோபர் 3 இல் அவர் கைது செய்யப்பட்டு மறுநாளே விடுவிக்கப்பட்டார். 1978 நவம்பரில் கர்நாடகத்தின் சிக்மகளூர் இடைத்தேர்தலில் வென்றார். திசம்பரில் மக்களவை அவரை உரிமைமீறலுக்காக நீக்கிச் சிறைக்கு அனுப்பியது. குற்றஞ்சாட்டப்பட்டவர் வஞ்சிக்கப்பட்டவராகத் தோன்றத் தொடங்கினார். 1979 இல் தனி நீதிமன்றங்களுக்கான சட்டம் இயற்றப்பட்டும், அதற்குள் ஜனதா ஆட்சி உட்பூசலால் சிதைந்தது. 1980 சனவரித் தேர்தலில் இந்திரா காங்கிரசு 353 இடங்களை வென்றது. ரேபரேலி மீண்டும் அவரைத் தேர்ந்தெடுத்தது. நான்காண்டுகளுக்கு முன் தன் ஆட்சியை இழந்த தி.மு.க.வும் அத்தேர்தலில் அவருடன் கூட்டணி கொண்டது. தமிழ்நாட்டில் அவ்வணி 37 இடங்களைப் பெற்றது. ஷா ஆணைய அறிக்கையின் படிகள் காண்பதற்கே அரியவாயின. நெருக்கடி நிலைக்காலத்தில் மக்களவை உறுப்பினராக இருந்த இரா. செழியன் தம்மிடமிருந்த படியைக் கொண்டு 2010 இல் அதனைச் சென்னையிலிருந்து மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார்.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம்.

முதலாவதாக, 1975 இன் மக்கள் சினத்திற்கு மூலக் குற்றம் காரணமன்று. தீர்ப்பை ஏற்றுப் பதவி விலகியிருப்பின், மேல்முறையீட்டில் வென்று திரும்பும் வாய்ப்பு இந்திரா காந்திக்கு இருந்தது. சிறு குற்றத்தைத் தவிர்க்க மேற்கொண்ட வழிகளே வரலாற்றில் பெருங்குற்றமாக நின்றன.

இரண்டாவதாக, சட்டத்தை மீறுவோரைக் காட்டிலும், தமக்கேற்பச் சட்டத்தை மாற்றுவோரைத் தடுப்பது அரிது. அவர்களுடைய செயல் சட்டத்தின் ஆடையை உடுத்தியிருக்கிறது. 1975 ஆகஸ்டின் ஒவ்வொரு படியும் உரிய அவையில், உரிய பெரும்பான்மையுடன், உரிய ஒப்பத்துடனேயே நிகழ்ந்தது.

மூன்றாவதாக, மக்கள் சினம் வலியதாயினும் ஆயுள் குறுகியது. 1977 இல் தண்டித்த அதே வாக்காளர் 1980 இல் ஏற்றுக்கொண்டனர். இது மக்களின் பிழையன்று. விலைவாசியும் ஆட்சியின் நிலைத்தன்மையும் போலப் பலவற்றை ஒரே வாக்கில் முடிவு செய்யவேண்டியவர்கள் அவர்கள். குறிப்பிட்ட செயலுக்குக் குறிப்பிட்ட பொறுப்பை வரையறுப்பது நீதிமன்றத்தின் பணி. தேர்தல் அதற்கு மாற்றாக இயலாது.

நான்காவதாக, அச்சினம் சட்டமாக உறைந்த இடங்களில் மட்டுமே அது நிலைபெற்றது. நாற்பத்துநான்காவது திருத்தம் 329 அ உறுப்பை முற்றிலும் நீக்கியது. 'உள்நாட்டுக் குழப்பம்' என்னும் தொடர் 'ஆயுதக் கிளர்ச்சி' என மாற்றப்பட்டது. அமைச்சரவையின் எழுத்து வடிவிலான முடிவின்றி நெருக்கடி நிலையை அறிவிக்க இயலாதென்றும், உயிர்க்கும் உரிமை வாழ்விற்குமான பாதுகாப்பை அக்காலத்திலும் நிறுத்திவைக்க இயலாதென்றும் விதிக்கப்பட்டது. 1980 இல் மீண்டும் பெரும்பான்மை பெற்று வந்த ஆட்சி இவற்றை மாற்றவில்லை.

பாண்டியன் தன் பிழையைத் தானே உணர்ந்தான். எல்லா ஆள்வோரிடமும் அதனை எதிர்பார்க்க இயலாது என்பதனால்தான் அரசியலமைப்புகள் எழுதப்படுகின்றன. அவ்வெழுத்தையும் அழிக்க ஆள்வோர் முற்படும்போது, மக்களின் சினம் ஒருநாள் வாக்குப்பெட்டியில் வெளிப்படலாம். அந்நாள் கடந்த பின்னும் நிற்பது, அச்சினத்தைச் சட்டத்தின் சொற்களில் பதித்துவைத்த உழைப்பேயாகும்.